கடைமடைக்கு எட்டுச்சா? – எங்கள் வாய்க்கால் பாசன சபையாருக்கு ஒரு மகளின் திறந்த மடல்

மரியாதைக்குரிய பெரியப்பாமார்களுக்கும், மாமன்மார்களுக்கும், அண்ணன் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

அப்பாவின் கருமாதி முடிந்து நாற்பது நாள் ஆகிறது. அன்றைக்கு நீங்கள் அத்தனை பேரும் வந்திருந்தீர்கள். பந்தலில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை நான் உள்ளே சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "அவராட்டம் முறை வெக்க இனி ஆள் இல்லீங்" என்று ஒருவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. முறை என்றால் வாய்க்கால் தண்ணீரை யார் எப்போது பாய்ச்சுவது என்கிற வரிசை. மதகுக்குப் பக்கத்தில் அவர் பேர் போட்டு ஒரு கல் நடலாம் என்று பேசிக்கொண்டீர்கள். கிளம்பும்போது என்னிடம், "மாப்பிள்ளைய ஒரு எட்டு அனுப்பி வை அம்மிணி, முறை நோட்டை அவருகிட்ட குடுத்துப் பேசிக்கறோம்" என்றீர்கள். நான் தலையாட்டினேன். அன்றைக்கு இருந்த நிலைமையில் எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

இதை ஒரு கடிதமாக மடித்து உங்கள் கையில் கொடுத்திருக்கலாம். பொதுவில் எழுதக் காரணம் உண்டு. கீழ்பவானி வாய்க்கால் நெடுகிலும் நம்மைப் போல எத்தனையோ சபைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் ஒரு அப்பா போய்ச் சேரும்போது, யாரோ ஒரு பெண் என்னைப் போலவே தலையாட்டிவிட்டு உள்ளே போய் நிற்கிறாள்.

நீங்கள் பேசியது எல்லாம் வாய்க்கால்மேட்டு மனுஷனைப் பற்றி. எனக்குத் தெரிந்த அப்பாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா பிறந்தது 1948இல். பவானியும் மாயாறும் கூடுகிற இடத்தில் பவானிசாகர் அணை வேலை தொடங்கியதும் அதே வருடம்தான். "நானும் டேமும் ஒரு வயசு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தியாகி ஈஸ்வரன் அலைந்து திரிந்து கேட்டு வாங்கிய திட்டம் அது என்பதை எங்களுக்கு அவர் சொல்லாத வருடம் இல்லை. அணை கட்டி முடித்தது 1955இல். அதற்கு முன்னால் எங்கள் தோட்டத்துக்குக் கிணறுதான் கதி. அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, கவலை இறைப்பார்; மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றுவது அது. காளைகள் வாரியில் இறங்கும்போது வடக்கயிற்றின்மேல் ஆள் ஏறி உட்கார வேண்டும், அந்தக் கனத்தில்தான் தண்ணீர்ச் சால் மேலே வரும். அந்தக் கயிற்றில் அப்பாருக்கு முன்னால் தொற்றிக்கொண்டு உட்கார்ந்து வளர்ந்தவர் அப்பா. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. மாடுகள் நிற்கவில்லை.

வாய்க்காலில் முதல்முதலாகத் தண்ணீர் வந்த நாளை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். முதலில் வந்தது தண்ணீர் இல்லையாம், சத்தமாம். காய்ந்த சருகும் குச்சியும் நுரையும் உருண்டு வருகிற சத்தம். அதற்குப் பின்னாலே செந்தண்ணி. ஊர்ச் சனம் மொத்தமும் கரையில் நின்றது. அப்பத்தா ஒரு சொம்பில் மொண்டு வந்து கட்டுத்தரையில் மாடுகளுக்குத் தெளித்தாராம். "இனி உங்க கழுத்துக்கு ஓய்வுடா" என்று சொன்னாராம்.

1972இல் கோயமுத்தூரை மாட்டு வண்டிகளால் அடைத்த போராட்டத்துக்கு அப்பா வண்டி பூட்டிப் போனதைப் பந்தலில் நீங்கள் பெருமையாகப் பேசினீர்கள். அப்பத்தா அதே கதையை வேறு மாதிரி சொல்வார். ஊர் திரும்பியதும் அவர் சோத்துக்கு உட்காரவில்லை. இரண்டு மயிலைக் காளைகளையும் கழுவி, குளம்பில் விளக்கெண்ணெய் தடவிவிட்டு, அப்புறம்தான் கை கழுவினார். போராட்டத்தைப் பற்றி வீட்டில் அவர் அதிகம் பேசியதில்லை. "நல்லா நடந்துச்சுக, பாவம்" என்று காளைகளைப் பற்றித்தான் சொன்னாராம்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மா டைபாய்டில் படுத்துவிட்டார். மாசி மாதம், மஞ்சள் வேகவைக்கிற நேரம். களத்தில் கொப்பரை இரவும் பகலும் கொதித்துக்கொண்டிருந்தது. காலையில் பள்ளிக்கூடம் கிளம்ப எனக்குத் தலை பின்ன ஆள் இல்லை. அப்பா களத்திலிருந்து வந்தார். கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினார். திண்ணையில் என்னை முன்னால் உட்காரவைத்து, முடியை மூன்றாகப் பிரித்து, கயிறு திரிக்கிற மாதிரி பின்னினார். புளிச்ச நார்க் கயிறு திரித்துப் பழகிய கை அது. சாயங்காலம் வரைக்கும் ஒரு மயிர் கலையவில்லை. ஆனால் என்னதான் கழுவினாலும் மஞ்சள் போகுமா? என் வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டையில், பின்பக்கம், அவர் கட்டைவிரல் ரேகை அச்சாக விழுந்துவிட்டது. அம்மா எழுந்து நடமாடிய பிறகு எத்தனையோ தடவை வெளுத்துப் பார்த்தார், முழுசாகப் போகவில்லை. அந்தச் சட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. 2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பேப்பரில் படித்துக் காட்டியபோது, நான் அந்தச் சட்டையை எடுத்து வந்து அவர் மடியில் போட்டேன். விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் தலையைத் தடவினார்.

அம்மா படுத்திருந்த அந்த மூன்று வாரமும் சமையலும் அவர்தான். அவருக்குத் தெரிந்தது அரிசிம்பருப்புச் சாதம் ஒன்றுதான். மூன்று வேளையும் அதுவே. நானும் தம்பியும் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை, அவ்வளவு ருசி. இல்லை, ருசி என்று இப்போது தோன்றுகிறதோ என்னவோ.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, வெளியில் இருந்து படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நம் வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளம். ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் பாய வேண்டும். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்க அணையில் இருப்பு காணாது. அதனால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, பாதிக்கு, அதாவது 1,03,500 ஏக்கருக்கு, ஆகஸ்ட் 15 வாக்கில் திறந்து 120 நாள் நஞ்சைக்கு விடுவார்கள். மீதிப் பாதிக்கு அப்புறம் கடலை, எள்ளு, சோளம் என்று புஞ்சைக்கு விட்டு விட்டுத் தண்ணீர். அடுத்த வருடம் மாற்றிக்கொள்வது. இந்த வருடம் உனக்கு, அடுத்த வருடம் எனக்கு. இது பெரிய முறை, அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. மதகுக்குக் கீழே, நம் பதினாலு பேருக்குள்ளே, யாருக்கு எப்போது எத்தனை மணி நேரம் என்பது சின்ன முறை. அதை முப்பத்திரண்டு வருடம் நோட்டுப் போட்டு எழுதியவர் அப்பா.

அந்த நோட்டைப் புரட்டினால் ஒவ்வொரு வருடத்துப் பக்கத்திலும் மேலே முதல் வரி ஒன்றுதான்: "கடைமடை முதல்." கடைமடை என்றால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம். தண்ணீர் திறந்து முதல் சுற்று வரும்போது, மதகுக்குப் பக்கத்தில் காடு, அதாவது விளைநிலம், இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீர் அவர் வாசலைத் தாண்டிக் கடைசிக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து மேலே ஏறிவர வேண்டும். எங்கள் தோட்டம் மதகிலிருந்து இரண்டாவது. அப்படியென்றால் அப்பா தனக்கே கடைசியில் இருந்து இரண்டாவதாக முறை எழுதிக்கொண்டார். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிற தண்ணீரை முதலில் பள்ளத்துக்கே விடச் சொன்னால் மற்றவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கும் தெரியும். எத்தனை ராத்திரி உங்களில் சிலரோடு வரப்பில் நின்று சத்தம் போட்டிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டுச் சமையல்கட்டிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி பத்துப் பேருக்குக் குறையாமல் சோறு. தோட்டத்து ஆட்கள், நாங்கள், எப்போதும் ஒன்றிரண்டு ஒரம்பரை, அதாவது விருந்தாளிகள். எல்லோருக்கும் போட்டுவிட்டு அம்மா கடைசியில் உட்காருவார். எந்த வீட்டிலும் அப்படித்தானே. அப்பா ஒவ்வொரு நாளும், கை கழுவப் போவதற்கு முன்னால், சமையல்கட்டை எட்டிப் பார்த்துக் கேட்பார்: "கடைமடைக்கு எட்டுச்சா?" அம்மா உள்ளே இருந்து, "எட்டுச்சு எட்டுச்சு, நீங்க போங்க" என்பார். அப்பா நம்ப மாட்டார். உள்ளே வந்து குழம்புச் சட்டியைச் சாய்த்துப் பார்ப்பார். ஒரு நாள் சட்டியில் கரண்டிக்குக் கூட எட்டாத அளவுக்கு அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவர், தன் தட்டில் ஊற்ற வந்த அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தி, "மொதல்ல உனக்கு ஒரு கிண்ணத்துல எடுத்து வெய்யி. அப்புறம் எனக்கு ஊத்து" என்றார். ஒரம்பரைகள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கு வெட்கம். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பிலிருந்து குழம்பு இறங்கியதும் முதல் கிண்ணம் அம்மாவுடையது.

கடைசிக் காட்டுக்காரரின் பயிர் காய்ந்து போனதைப் பார்த்து அப்பா அந்த முறையைக் கொண்டுவந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். எனக்கு அந்தக் கிண்ணம்தான் கண்ணில் நிற்கிறது.

அத்தைக்கு அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். 1989இல் தமிழ்நாட்டில் பெண்பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. அத்தைக்கு 1970லேயே கல்யாணம் ஆகிவிட்டது. பேப்பரில் அதைப் படித்துவிட்டு அப்பா இரண்டு நாள் யோசனையாகவே இருந்தார் என்று அம்மா சொல்வார். மூன்றாம் நாள் அத்தை ஊருக்குப் போய், ஒன்றேகால் ஏக்கரை அவர் பேருக்கு எழுதிவைப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "சட்டமே குடுக்கலையே, நீ எதுக்குக் குடுக்கறே?" என்று கேட்டார்கள். "சட்டம் உட்டுட்டா நானும் உட்டறதா?" என்று கேட்டாராம் அப்பா. 2005இல் நாடு முழுக்க அந்தச் சட்டம் திருந்திவந்தபோது எங்கள் வீட்டில் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாக எழுதிப் பத்திரமே பதிந்தாகிவிட்டது.

அப்பா குறையே இல்லாதவர் என்று நான் எழுத மாட்டேன். தம்பிக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, எங்கள் நாற்றங்கால் காய்கிறதே என்று ஒரு ராத்திரி முறைக்கு அரை மணி நேரம் முன்னதாக மடையைத் திறந்துவிட்டான். அப்பா போய் அடைத்தார். அதோடு விடவில்லை. அந்தச் சுற்றில் எங்கள் முறை முழுவதையும் கடைசிக் காட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பாதி நாற்று போய்விட்டது. தம்பி அழுதான், அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஒரு பிள்ளைக்குப் புத்தி சொல்ல அவ்வளவு வேண்டியதில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தம்பி பெங்களூருக்குப் போய் மண்ணைத் தொடாமல் இருப்பதற்கு அந்த ராத்திரியும் ஒரு காரணம். அப்பாவுக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசி நாட்களில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நாத்துக்கு உட்டிருக்கலாம்" என்றார். முப்பது வருடம் கழித்து.

2016, 2017 வறட்சி உங்களுக்கு மறந்திருக்காது. அணையிலும் இல்லை, வாய்க்காலிலும் இல்லை. அந்தப் பக்கத்தில் முறை ஒன்றும் எழுதவில்லை. கிணற்று மட்டத்தை மட்டும் அளந்து எழுதியிருக்கிறார். 14 அடி. 11 அடி. 9 அடி. 9 அடி. அப்புறம் ஒரு நாள், "ஜோடி கொடுத்தாச்சு" என்று இரண்டே வார்த்தை. வீட்டில் கடைசியாக இருந்த காங்கேயம் ஜோடியை விற்ற நாள் அது. விலை எழுதவில்லை. வரவு செலவில் பைசா விடாமல் எழுதுகிற மனிதர்.

இப்போது, இதுவரை நான் உங்களிடம் சொல்லாத ஒன்று.

அம்மாவுக்கு மூட்டு வலி வந்து ஆறு வருடத்துக்கு முன்னால் நான் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் தினமும் வண்டியில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறார். பண்ணையம் நான் பார்க்கிறேன். கடைசி நாலு வருடம் அப்பாவுக்கு ராத்திரியில் கண் தெரியவில்லை. கண்புரை அறுவை செய்தும் இருட்டில் வரப்பு பிடிபடவில்லை. "வெளிய சொல்லாதே, முறைக்கு மரியாதை போயிரும்" என்றார். அதனால் சொல்லவில்லை. அந்த நாலு வருடமும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் வாய்க்கால்மேட்டில் நீங்கள் பார்த்த டார்ச் வெளிச்சம் என்னுடையது. தூரத்திலிருந்து "அண்ணா, எங்களுக்கு உட்டாச்சுங்களா?" என்று நீங்கள் கேட்கும்போது நான் டார்ச்சை இரண்டு தரம் அணைத்துக் காட்டுவேன். நீங்களும் சரி என்று போய்விடுவீர்கள். மம்பட்டி பிடித்து மடை அடைத்தது நான். விடிய விடிய நேரம் குறித்தது நான். அந்த நாலு வருடத்துப் பக்கங்களிலும் இருப்பது என் கையெழுத்து. ஒரு நிமிடக் கணக்கு தப்பியது என்று யாரும் வீட்டுக்கு வந்ததில்லை.

போன வைகாசியில், படுத்த படுக்கையாக இருந்தவர், நோட்டை எடுத்து வரச் சொன்னார். இந்த வருடத்துக்கு முறை எழுதச் சொன்னார். கடைமடையிலிருந்து ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன ஒருவர் பேரைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி, "அவன் மவன் பேரை எழுது" என்று திருத்தினார். பன்னிரண்டு பேர் முடிந்தது. பதின்மூன்றாவது எங்களுடையது. நான் பழக்கத்தில் அவர் பேரை எழுத ஆரம்பித்தேன். "அதை அடி" என்றார். "உம்பேரை எழுது அம்மிணி." எழுதினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். கோணலாக இருக்கிறது, ஆனால் அவருடையதுதான். அதற்குப் பிறகு அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பதினோராம் நாள் போய்விட்டார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிடாதீர்கள். "எனக்கு மடை எது மதகு எதுன்னே தெரியாது, நான் வந்து என்ன பேசறது?" என்று அவரே சொல்கிறார். நிலம் என் பேரில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வந்த பாசன மேலாண்மைச் சட்டப்படி ஆயக்கட்டில், அதாவது பாசனம் பெறும் பரப்பில், நிலம் உள்ளவர்தான் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினர். அந்தப் பதிவேட்டில் ஆணா பெண்ணா என்று பார்த்துப் பேரை எடுக்க வழி இல்லை. ஆனால் நான் சட்டத்தைக் காட்டி வர விரும்பவில்லை. நீங்கள் எனக்கு மாமன்மார், பெரியப்பாமார். கூப்பிட்டு வர வேண்டும் என்றுதான் ஆசை.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். அப்பா படுத்துவிட்ட இந்த வருடத்துப் புஞ்சைத் தண்ணீரில் முறை மாறிவிட்டது. மேலே இருப்பவர்கள் முதலில் பாய்ச்சிக்கொண்டார்கள். கடைசிக் காட்டுக் கடலை பூத்து விழுது இறங்குகிற சமயத்தில் தண்ணீர் இல்லாமல் சுருண்டதை நான் போய்ப் பார்த்தேன். செடியைப் பிடுங்கினால் நாலு காய், அதிலும் இரண்டு பொக்கு. யார் திறந்தார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா வேண்டாமா என்று நமக்குள் இரண்டு கட்சி இருப்பதும், அந்தக் கோபம் இதில் சேர்ந்திருப்பதும் தெரியும். கசிவுத் தண்ணியில் கிணறு ஊறுகிறவர்களுக்கு ஒரு கவலை, கடைமடைக்காரர்களுக்கு ஒரு கவலை. இரண்டும் நியாயமான கவலைகள். அதைப் பேசித் தீர்ப்போம். ஆனால் முதல் சுற்றுக் கடைமடைக்கு என்பதைச் சபையின் தீர்மான நோட்டில் எழுதி, பதினாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருடம் அது அப்பாவின் நோட்டில் மட்டும்தான் இருந்தது. ஒரு மனிதர் படுத்ததும் அதுவும் படுத்துவிட்டது.

கல் நடுவதாகச் சொன்னீர்களே, அந்தப் பணத்தில் கடைசிக் காட்டுக்குப் போகிற கிளையில் உடைந்து கிடக்கிற இரண்டு மடைக்கும் பலகை போட்டுத் தர முடியுமா என்று பாருங்கள். அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். அம்மா சம்மதம் சொன்னார்கள். "கல்லு எதுக்கு, அவரு கேட்டதே தண்ணி எட்டுச்சான்னுதான்" என்றார்கள்.

ஆடி பிறந்துவிட்டது. இந்த வருடம் நமக்கு நஞ்சை முறை. ஆகஸ்ட் 15 திறந்தால் நம் மதகுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று போன நஞ்சை முறைக் கணக்கு நோட்டில் இருக்கிறது. அதற்குள் சபை கூட வேண்டும். நோட்டை நானே எடுத்து வருகிறேன். புது டார்ச்சுக்குப் பேட்டரியும் வாங்கி வைத்துவிட்டேன். கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பதின்மூன்றாவது மடையிலிருந்து
உங்கள் அம்மிணி